எனக்குப் பிடிக்கும் = மே குஸ்தா

"ஸ்பானிஷா? அதைப் படிக்க அமெரிக்கா போனியா? கம்ப்யூட்டர் கிடைக்கலையா கண்ணு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது மக்களே. ஊர்ல சித்தப்பா கேட்டாரு. அத்தை கேட்டாங்க. இங்க தமிழ்ச் சங்கப் பொங்கல் விழால பக்கத்து நாற்காலில பொங்கல் சாப்பிட்டுட்டு இருந்தவர் கேட்டாரு. பதிலைக் கேட்டுட்டு ஒரு அனுதாபப் பார்வை வேற. அதனால எல்லாத்தையும் ஒரே பதிவா எழுதி வெச்சுடறேன். இனிமே யார் கேட்டாலும் சுட்டி கொடுத்துட்டு நகர்ந்துடலாம் :-)

முன்கதைச் சுருக்கம்: சென்னைல வேலை பார்த்தப்ப மெக்சிகோ வாடிக்கையாளர் ஒருத்தருக்காகக் கம்பெனியே காசு கட்டி ஸ்பானிஷ் வகுப்புக்கு அனுப்பினாங்க. பிராஜெக்ட் முடிஞ்சது, மொழி முடியலை. இப்ப டெக்ஸாஸ்ல ஒரு பல்கலைக்கழகத்துல ஸ்பானிஷ் முதுகலை, ரெண்டாம் வருஷம். முதல் வருஷ மாணவர்களுக்கு நான் பாடம் எடுக்கணும், அதுக்குப் பதிலா படிப்புச் செலவைத் துறை பார்த்துக்கும். ஆமாங்க, கோயமுத்தூர்க்காரங்க டெக்ஸாஸ் பசங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தர்றோம். உலகம் உருண்டை.

ஆனா இந்தப் பதிவு அதைப் பத்தி இல்ல. ஸ்பானிஷ் சொல்லித் தரப் போறவங்களுக்கு எப்படிச் சொல்லித் தரணும்னு சொல்லித் தர்ற வகுப்பைப் பத்தி. (இந்த வாக்கியத்தை ரெண்டு தடவை படிங்க, புரிஞ்சுடும்.) போன வருஷம் அதுல நான் மாணவர். இந்த வருஷம் அதே வகுப்புக்கு உதவியாளர். வகுப்புல பாதிப் பேர் என்னை மாதிரி முதுகலைக் கோஷ்டி. மீதிப் பேர் இளங்கலை முடிச்சதும் பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் டீச்சரா போகப் போற இருபது, இருபத்தோரு வயசுப் பசங்க. அவங்க மாதிரிப் பாடம் எடுக்கறப்ப கடைசி பெஞ்சுல உக்கார்ந்து குறிப்பெடுக்கறது என் வேலை. பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல உக்காரக் கூடாதுன்னு சொல்லி வளர்த்தாங்க, இப்ப அதுக்குச் சம்பளமே தர்றாங்க.

முறைகளின் கதை

ஒரு மொழியை எப்படிச் சொல்லித் தரணும்ங்கறதுக்கு இத்தனை சண்டை இருக்கும்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது.

முதல்ல இலக்கணம்-மொழிபெயர்ப்பு முறை. விதியைப் படி, வாய்ப்பாட்டை ஒப்பி, வாக்கியத்தை மொழிபெயர். லத்தீனுக்காக வந்த முறையை உயிரோட இருக்கற மொழிகளுக்கும் மாட்டி விட்டாங்க. நமக்கு விளக்கமே வேண்டாம், நாம இங்கிலீஷ் படிச்ச முறைதான். 'பாசிவ் வாய்ஸா மாத்து'ன்னா தூக்கத்துல கூட மாத்துவோம். பஸ்ல ஒருத்தர் இங்கிலீஷ்ல வழி கேட்டா எச்சில் முழுங்குவோம்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1943ல அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமா மொழி தெரிஞ்ச ஆளுங்க தேவைப்பட்டாங்க. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கேட்டுத் திருப்பிச் சொல்ற பயிற்சி. அந்த வழில வளர்ந்ததுதான் கேட்டல்-பேசல் முறை. 1957ல ரஷ்யாக்காரங்க ஸ்புட்னிக் விட்டதும் அமெரிக்காவுக்கு ஜுரம் வந்துடுச்சு. மறு வருஷமே, 1958ல, தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். கணக்கு, அறிவியலோட சேர்த்து மொழிக்கும் காசு. மொழி ஆய்வகம், டேப் ரெக்கார்டர், டீச்சர்களுக்குக் கோடை விடுமுறைப் பயிற்சி முகாம். ஸ்பானிஷ் வாத்தியாருக்குப் பயிற்சி கிடைக்க ஒரு ராக்கெட் தேவைப்பட்டிருக்கு பாருங்க!

அந்த முறைக்கு அடித்தளம், மொழிங்கறது ஒரு பழக்கம், திரும்பத் திரும்பச் சொன்னா படிஞ்சுடும்ங்கற நம்பிக்கை. 1959ல சோம்ஸ்கி, ஸ்கின்னரோட புத்தகத்துக்கு ஒரு விமர்சனம் எழுதி அந்த நம்பிக்கையைப் பிரிச்சு மேஞ்சுட்டாரு. ஆய்வகத்துல கிளி மாதிரி சொன்ன பசங்க வெளில வந்து ஒரு காபி வாங்கத் தெரியாம நின்னதும் இன்னொரு காரணம்.

அதுக்கப்புறம் ஆளுக்கொரு முறை. சான் ஹோசேல ஜேம்ஸ் ஆஷர்ங்கற உளவியல்காரர், பேச வைக்காதீங்க, முதல்ல கட்டளைக்கு உடம்பை அசைக்க விடுங்கன்னாரு. எந்திரி, நட, கதவைத் தொடு. அதுக்குப் பேரு டி.பி.ஆர். 1977ல ட்ரேசி டெரல்ங்கற ஸ்பானிஷ் வாத்தியார் 'இயல்பு முறை'ன்னு ஒண்ணை எழுதினார். 1983ல ஸ்டீஃபன் க்ராஷனோட சேர்ந்து அதைப் புத்தகமாவே போட்டார். க்ராஷன் சொல்றது எளிமையானது: புரியற மாதிரி நிறையக் கேட்கவும் படிக்கவும் கொடு, மொழி தானா வரும், பயமுறுத்தினா வராது. 1990 வாக்குல கலிஃபோர்னியால ப்ளெய்ன் ரேங்கற இன்னொரு ஸ்பானிஷ் வாத்தியார், டி.பி.ஆர். கட்டளைகளோட கதையைச் சேர்த்தார். வகுப்பே சேர்ந்து ஒரு கோக்குமாக்கான கதை கட்டும். ஒரு பூனைக்கு நீலக் கலர்ல பேன்ட் வேணும், அது கடை கடையா ஏறி இறங்கும். அதே வாக்கியத்தை டீச்சர் இருபது விதமாக் கேட்பாரு. பூனைக்கா, நாய்க்கா? நீலமா, பச்சையா?

இதுக்கு மறுப்பும் உண்டு. கனடால பிரெஞ்சு வழிக் கல்வில வருஷக்கணக்கா இருந்த பசங்க எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டாங்க, ஆனா அவங்க பேச்சுல இலக்கணம் ஆட்டம் கண்டுட்டே இருந்துச்சு. 1985ல மெரில் ஸ்வெய்ன் இதை வெச்சுத்தான், கேட்டா மட்டும் போதாது, பேசணும், பேசறப்பதான் நமக்கு என்ன தெரியலைங்கறதே தெரியும்னு சொன்னாங்க.

இத்தனையும் படிச்சுட்டு "சரி சார், எது சரி?"ன்னு பேராசிரியரைக் கேட்டா, "திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு உங்க முன்னாடி உக்கார்ந்திருக்கற முப்பது பேர் யாருங்கறதைப் பொறுத்தது"ன்னுட்டாரு. எனக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்துச்சு.

பதினஞ்சு நிமிஷத் தமிழ்

இந்த மாதிரி வகுப்புகள்ல ஒரு வழக்கம். யாருக்கும் தெரியாத ஒரு மொழில, இங்கிலீஷ் ஒரு சொல் கூடக் கலக்காம, கால் மணி நேரம் பாடம் எடுத்துக் காட்டணும். வருங்கால டீச்சர்களை மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைக்கற வேலை. ஏன்னா, ஸ்பானிஷ் தெரிஞ்சவங்களுக்குத் தெரியாம இருக்கறது எப்படி இருக்கும்ங்கறது மறந்தே போயிருக்கும். ஆக்ட்ஃபல்னு (1967ல ஆரம்பிச்ச அமெரிக்க அந்நிய மொழி ஆசிரியர் அமைப்பு) ஒண்ணு இருக்கு. வகுப்பு நேரத்துல 90 சதவீதமாவது கத்துக்கற மொழிலயே நடக்கணும்னு 2010லயே அவங்க சொல்லிட்டாங்க. பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. "ஒண்ணுமே தெரியாதவங்ககிட்ட எப்படி?"ன்னு கேட்கறாங்க. அதைச் செஞ்சு காட்டத்தான் இந்தக் கால் மணி.

யார் கிட்ட அந்த மொழி இருக்குன்னு சொல்லணுமா? :-)

முதல் சிக்கல் முந்தின நாள் ராத்திரியே வந்துடுச்சு. எந்தத் தமிழ்? 'எழுந்திரு'வா, 'எந்திரி'யா? 'உட்கார்'ஆ, 'உக்காரு'வா? எழுதிக் காட்டப் போறதில்ல, காதுக்குத்தான் பாடம். வீட்டுல அம்மா என்னை எப்படி எழுப்புவாங்களோ அதையே எடுத்துக்கிட்டேன். எந்திரி.

எந்திரி, உக்காரு, நட, நில்லு, திரும்பு. நான் செஞ்சு காட்டினேன், அவங்க செஞ்சாங்க. அப்புறம் நான் சும்மா நின்னுக்கிட்டு சொல்லு மட்டும். மூக்கைத் தொடு. காதைத் தொடு. கதவைத் தொடு. பக்கத்துல இருக்கறவரோட மூக்கைத் தொடு (ஒரே சிரிப்பு). பதினோராவது நிமிஷம் நான் இதுவரைக்கும் சொல்லாத ஒரு கூட்டைச் சொன்னேன்: "நடந்து போய் கதவைத் தொட்டுட்டு வந்து உக்காரு." டெக்ஸாஸ் பண்ணைல வளர்ந்த ஆறடிப் பையன் ஒருத்தன் எந்திரிச்சான், நடந்தான், கதவைத் தொட்டான், வந்து உக்கார்ந்தான். வகுப்பே கை தட்டுச்சு. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சுங்க, பொய் சொல்லலை.

மேசையைத் தொடுன்னப்ப பாதிப் பேர் நான் காட்டறதுக்கு முன்னாடியே தொட்டுட்டாங்க. மேசை போர்த்துக்கீசியர்கள்கிட்ட இருந்து நமக்கு வந்த சொல், ஸ்பானிஷ்லயும் அது 'மேசா'தான்.

முடிஞ்சதும் பேராசிரியர் கேட்டாரு, "அந்த மொழியைப் பத்தி என்ன கவனிச்சீங்க?" ஒரு பொண்ணு சொன்னா: "தொடற பொருளுக்குக் கடைசில ஒரு 'ஐ' சத்தம் வருது." விதி சொல்லாம, பலகைல எழுதாம, பதினஞ்சு நிமிஷத்துல இரண்டாம் வேற்றுமை உருபைக் கண்டுபிடிச்சுட்டா! நான் ஆறாம் வகுப்புல அதை மனப்பாடம் பண்ண எத்தனை நாள் ஆச்சுன்னு நினைச்சுப் பார்த்தேன்.

அவ சொன்ன 'தொடு'ல 'த' அச்சு அசலா நம்ம த. மத்தவங்க நாக்கு 'டொடு'ன்னுதான் புரண்டுச்சு. அவ வீட்டு மொழி ஸ்பானிஷ். ஸ்பானிஷ்லயும் த பல்லுல பட்டு வர்றதுதான். இந்தப் பொண்ணைப் பத்தித்தான் பதிவே, கொஞ்சம் பொறுங்க.

யாருடைய வினை தலைகீழ்?

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். ஸ்பானிஷ் கத்துக்கற அமெரிக்கப் பசங்களுக்குப் பெரிய தலைவலி 'மே குஸ்தா'. 'எனக்குப் பிடிக்கும்'னு அர்த்தம். இங்கிலீஷ்ல 'நான்'தான் எழுவாய். ஸ்பானிஷ்ல பிடிக்கிற பொருள் எழுவாய், நான் நாலாம் வேற்றுமை. புத்தகங்கள்லயும் வகுப்புகள்லயும் இதைத் 'தலைகீழ் வினைகள்'னே சொல்லி வெச்சிருக்காங்க. நமக்கு என்ன தலைகீழ்? எனக்குப் பிடிக்கும், மே குஸ்தா. எனக்குத் தலை வலிக்குது, மே துவேலே லா கபேசா. சொல்லுக்குச் சொல் ஒத்துப் போகுது. இங்கிலீஷ்ல நின்னு பார்த்தாதான் அது தலைகீழ்.

இன்னொண்ணு: 'லா யாமா ஹுவான்'. 'அவளை ஹுவான் கூப்பிடறான்'னு அர்த்தம். இங்கிலீஷ் பேசறவங்க பாதிக்குப் பாதி 'அவள் ஹுவானைக் கூப்பிடறா'ன்னு எடுத்துக்கறாங்க. முதல்ல வர்ற பேரை எழுவாயா எடுத்துக்கற பழக்கம். பில் வான்பேட்டன்ங்கற ஆய்வாளர் இதுக்கு 'முதல் பெயர்ச்சொல் கொள்கை'ன்னே பேர் வெச்சு, மருந்தும் சொல்லியிருக்கார். ஆரம்பத்துலயே விதியை எழுத வைக்காதே. ரெண்டு படம் காட்டு, வாக்கியத்தைச் சொல்லு, எந்தப் படம்னு கேளு. முதல் பேரை நம்பினா தப்பாப் போற மாதிரி வாக்கியங்களா அடுக்கு. காது தானா திருந்தும்.

நமக்கு 'அவளை'ன்னு உருபு ஒட்டியே வர்றதால இது குழப்பமே இல்ல. ஆளுன்னா 'மரியாவைப் பார்த்தேன்'னு உருபு கட்டாயம், பொருள்னா 'வீடு பார்த்தேன்'னு விட்டுடலாம்ங்கறதும் ஸ்பானிஷ்க்காரங்களுக்குப் பழக்கம்தான். அவங்களும் மனுஷருக்கு முன்னாடி 'ஆ' போடுவாங்க, வீட்டுக்குப் போட மாட்டாங்க. 'பேசறேன்'னா போதும், 'நான்' வேண்டாம். அவங்களுக்கும் 'ஆப்லோ' போதும். நீ, நீங்க உண்டு. தூ, உஸ்தேத் உண்டு.

ரொம்பப் பீத்திக்கலை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்ங்கறதுக்கு முன்னாடி நாமளும் திருதிருன்னுதான் முழிக்கணும். ஆனா இதையெல்லாம் வகுப்புல சொன்னப்ப ஒரு விஷயம் நடந்துச்சு. வருங்கால டீச்சர்கள் 'கஷ்டமான இலக்கணம்'னு சொல்றதை நிறுத்திட்டு, 'இங்கிலீஷ்ல இருந்து வர்றவங்களுக்குக் கஷ்டமான இலக்கணம்'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சி நிலையத்துலயும் இதே கணக்குதான். ஸ்பானிஷுக்கு 30 வாரம், தமிழுக்கு 44 வாரம்னு வெச்சிருக்காங்க. அது தமிழ் எவ்வளவு கஷ்டம்ங்கற கணக்கு இல்லைங்க, இங்கிலீஷ்ல இருந்து எவ்வளவு தூரம்ங்கற கணக்கு.

பின்னாடி பெஞ்சும் ஒரு கட்டமும்

இப்ப அந்தப் பொண்ணு. பேர் வேண்டாம். ரியோ கிராந்தே நதிக்கரை ஊர், மெக்சிகோ எல்லை. வீட்டுல ஸ்பானிஷ், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ். பாட்டிகிட்ட ஸ்பானிஷ் தவிர வேற பேசினதே இல்ல. வகுப்புலயே காது கூர்மையான ஆள் அவதான், மேல பார்த்தீங்களே.

அவ முதல் மாதிரிப் பாடம் எடுத்தப்ப நான் பின்னாடி உக்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் இங்கிலீஷ். ஸ்பானிஷ் வாயில வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தயக்கம். அடுத்து வந்தவன் பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் படிச்சு, ஒரு செமஸ்டர் ஸ்பெயின்ல இருந்துட்டு வந்த பையன். தப்புத் தப்பா, ஆனா தடதடன்னு பேசினான். ஒரு கவலையும் இல்ல.

எங்கிட்ட இருக்கற படிவத்துல ரெண்டு கட்டம். ஒண்ணு, கத்துத் தர்ற மொழியை எவ்வளவு பயன்படுத்தினார். இன்னொண்ணு, அந்த மொழியின் தரம். 4க்கு மதிப்பெண். அவளுக்கு முதல் கட்டத்துல 2 போட்டேன், அது உண்மை. ரெண்டாவதுல 4 போட்டேன், அதுவும் உண்மை. பேராசிரியர் பார்த்துட்டு, "விநோதமா இருக்கே, பேசிப் பாரு"ன்னாரு.

பேசினோம். முன்னாடி ஒரு வகுப்புல அவ கட்டுரைல 'ஆய்கா'ன்னு எழுதியிருக்கா. பாடப்புத்தக ஸ்பானிஷ்ல அது 'ஆயா' (நம்ம ஆயா இல்லீங்க, ஒரு வினைச்சொல்). சிவப்புப் பேனால வட்டம் போட்டு, "இது ஸ்பானிஷே இல்ல"ன்னு ஓரத்துல எழுதியிருந்தாங்களாம். "அது எங்க பாட்டி சொல்ற சொல். அப்ப எங்க பாட்டி என்ன மொழி பேசறாங்க?"ன்னு எங்கிட்ட கேட்டா. டீச்சர் படிப்பை விட்டுட்டு வேற பாடத்துக்கு மாறிடலாம்னு விண்ணப்பப் படிவம் வரைக்கும் வாங்கி வெச்சிருந்தா.

எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து சென்னைக்கு மாத்தலாகி வந்த வருஷம், கட்டுரைல 'ஒறம்பரை'ன்னு எழுதிட்டேன். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். வகுப்பு முன்னாடி அதைப் படிச்சுக் காட்டிச் சிரிச்சாங்க. அன்னைல இருந்து சென்னைல நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்ல. எனக்கு அது ஒரு சொல்லோட போச்சு. அவளுக்கு மொழியே போகப் பார்த்துச்சு.

இதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதையும் இருக்கு. மேற்கு டெக்ஸாஸ்ல மார்ஃபான்னு ஒரு ஊர். அங்க மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைங்களுக்குன்னு தனியா ப்ளாக்வெல்னு ஒரு பள்ளி இருந்துச்சு. 1954ல ஒரு நாள் அங்க பசங்களைக் காகிதத் துண்டுகள்ல ஸ்பானிஷ் சொற்களை எழுத வெச்சு, ஒரு பெட்டில போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல குழி தோண்டிப் புதைச்சாங்க. 'மிஸ்டர் ஸ்பானிஷ்' இறந்துட்டாராம், இறுதிச் சடங்காம். இனிமே பள்ளிக்கூட வளாகத்துல இங்கிலீஷ் மட்டும்தான்னு புரிய வைக்க ஒரு நாடகம். 1965ல அந்தப் பள்ளியை மூடிட்டாங்க. அங்க படிச்சவங்க கட்டடத்தை இடிக்க விடாமக் காப்பாத்தினாங்க. 2022ல சட்டம் போட்டு, 2024ல அதைத் தேசிய வரலாற்றுத் தலம் ஆக்கியாச்சு.

இதை வகுப்புல படிச்சப்ப யாரும் பேசலை. அவங்க பாட்டியும் அந்தக் காலத்து ஆள்தான். முதல் தலைமுறைகிட்ட ஸ்பானிஷ் பேசாதேன்னு புதைச்சாங்க. பேத்திகிட்ட நீ பேசறது ஸ்பானிஷே இல்லைன்னு சொல்றாங்க. ஆக மொத்தம் அந்தக் குடும்பம் எப்பத்தான் வாயைத் திறக்கறது?

இந்த மாதிரி வீட்டு மொழியோட வர்றவங்களைப் பாரம்பரிய மொழி மாணவர்கள்னு சொல்றாங்க. குவாதலூபே வால்தெஸ் இவங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. இவங்க புதுசாக் கத்துக்கறவங்க இல்ல, அதனால அதே பாடம் உதவாது. இருக்கறதை அழிச்சுட்டு மேல எழுதக் கூடாது, இருக்கறதோட சேர்க்கணும். அமெரிக்கால 4 கோடிப் பேருக்கு மேல வீட்டுல ஸ்பானிஷ் பேசறாங்க. அதனால டெக்ஸாஸ்ல எந்த ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனாலும் இந்தப் பிள்ளைங்க உக்கார்ந்திருப்பாங்க. அவங்க முன்னாடி நிக்கப் போற டீச்சர் யாருங்கறதுதான் கேள்வி.

அவ ரெண்டாவது மாதிரிப் பாடம் போன வாரம். தலைப்பு: பஸ். பலகைல ஒரு வரைபடம் ஒட்டினா. மெக்சிகோல 'கமியோன்', க்யூபாலயும் புவெர்த்தோ ரிக்கோலயும் 'குவாகுவா', அர்ஜென்டினால 'கொலெக்தீவோ', புத்தகத்துல 'ஆவுத்தோபுஸ்'. எது சரின்னு கேட்டா. பசங்க புத்தகத்தைக் காட்டினாங்க. "அப்ப மெக்சிகோல எல்லாரும் நடந்தா போறாங்க?"ன்னா. அப்புறம் 'ஆயா', 'ஆய்கா' ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, எங்க எதைச் சொல்லணும்னு பசங்களையே பிரிக்க வெச்சா. வேலைக்கு விண்ணப்பம், பரீட்சை: ஆயா. பாட்டி வீட்டுத் திண்ணை: ஆய்கா. பத்து நிமிஷத்துல இங்கிலீஷ் ரெண்டே ரெண்டு சொல். நான் எண்ணினேன்.

முதல் கட்டத்துல 4 போட்டேன்.

இது சினிமா இல்லீங்க, இதோட சுபம் போட முடியாது. ஸ்பானிஷ் டீச்சர் ஆகணும்னா வாய்மொழித் தேர்வுல 'உயர்நிலை-கீழ்ப்படி' வரைக்கும் வரணும்னு ஆக்ட்ஃபல் தரக்கட்டுப்பாடு சொல்லுது. நடந்ததைக் கோர்வையா விவரிக்கணும், எதிர்பாராத சிக்கலைப் பேசியே சமாளிக்கணும். அவளால முடியும்னு எனக்குத் தெரியும். தேர்வு அடுத்த மாசம். நடுவுல அந்தத் தயக்கம் திரும்ப வந்துடுமோன்னு அவளுக்கும் பயம், எனக்கும் பயம். விண்ணப்பப் படிவத்தை இன்னும் கிழிக்கலைங்கறா.

நம்ம பசங்க

ஞாயித்துக்கிழமை இங்க ஒரு தமிழ்ப் பள்ளில தன்னார்வலரா போறேன். அங்க நடக்கறதை இப்பல்லாம் வேற கண்ணோட பார்க்கறேன். ஏழு வயசுப் பையன். அம்மா தமிழ்ல கேட்டா எல்லாம் புரியுது, பதில் மட்டும் இங்கிலீஷ். அவனை உக்கார வெச்சு 247 எழுத்தைத் தொடங்கறோம். ஞ, ஞா, ஞின்னு போறப்ப அவன் கண்ணு ஜன்னல் பக்கம் போயிடுது. என்னைக்காவது ஒரு நாள் அதிசயமா வாயைத் திறந்து "நாய் வந்துச்சு"ங்கறான். நாம உடனே, "'வந்துச்சு' இல்லப்பா, 'வந்தது'." அவ்வளவுதான், வாய் மூடிக்குது. சிவப்புப் பேனா நம்ம கையிலயும் இருக்கு.

எழுத்தே வேண்டாம்னு சொல்ல வரலை. எழுத்து வேணும், இலக்கணம் வேணும், 'வந்தது'ம் கண்டிப்பா வேணும். ஆனா 'வந்துச்சு' அவன் வீட்டுல இருந்து கொண்டு வந்த சொத்து. அதுக்கு மேலதான் 'வந்தது'வைக் கட்டணும். போன ஞாயிறு நீலப் பேன்ட் தேடற பூனைக் கதையைத் தமிழ்ல முயற்சி பண்ணினேன். எழுத்து எதுவும் எழுதலை. நாப்பது நிமிஷம் பூனைக்குப் பேன்ட் தேடினோம். கடைசில அந்தப் பையன், "பூனைக்கு வேட்டி பிடிக்கும்"னான். முழு வாக்கியம், நாலாம் வேற்றுமையோட.

வாசல்ல காத்திருந்த அப்பா ஒருத்தர், "இன்னைக்கு எத்தனை எழுத்து முடிஞ்சுது?"ன்னு கேட்டாரு. ஒண்ணும் முடியலை சார்னேன். அவர் முகம் சரியில்ல. அடுத்த வாரம் அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன்.

வெளிநாட்டுல தமிழ்ப் பள்ளி நடத்தற பதிவர்கள் இங்க நிறையப் பேர் இருக்கீங்க. சிங்கை, கனடா, ஆஸ்திரேலியா மக்கள் எல்லாம் கொஞ்சம் சொல்லுங்க: நீங்க எதுல இருந்து தொடங்கறீங்க? பேச்சா, எழுத்தா? 'வந்துச்சு'ன்னா என்ன செய்யறீங்க?

பி.கு.: சித்தப்பா, கம்ப்யூட்டர் கிடைச்சுது. அதுலதான் இதைத் தட்டிட்டு இருக்கேன் :-)